ஜூலி கடிக்கவில்லை

என் மகள் குடியிருக்கும் மேடவாக்கம் அடுக்குமாடியில் போன மாதம் லிஃப்டுக்குள் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பேசப் பயம், பள்ளிக்கூடப் பயம், பரீட்சைப் பயம் உள்ள பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுசுக்கு ஒரு நாயைக் கூட்டி வருகிறார்களாம். தெரபி டாக் என்று போட்டிருந்தது. வெள்ளை நாய் ஒன்றின் முதுகில் தலை வைத்து ஒரு குழந்தை படுத்திருக்கும் படம் வேறு. மூன்றாவது மாடியில் இறங்க வேண்டியவள் ஏழாவது மாடிவரை போய்த் திரும்பினேன். கதவைத் திறந்த மகள், "என்னம்மா, லிஃப்ட் நின்னுடுச்சா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

இதை என் வயதுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும். தாம்பரம் ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் காத்து நின்று வளர்ந்தவர்களே, சிலேட்டை எச்சில் தொட்டு அழித்து அடி வாங்கியவர்களே, உங்களிடம் சொல்கிறேன். இளையவர்களிடம் சொன்னால் பாதியிலேயே கேள்வி கேட்பார்கள். எனக்குக் கேள்விகள் ஒத்துக்கொள்வதில்லை. ஏன் என்பதும் இதிலேயே வந்துவிடும்.

அறுபதுகளின் கடைசி. நான் மூன்றாம் வகுப்பு. அந்த வருஷம் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள். நிறுத்துவதற்கு அது என்ன குழாயா? வார்த்தை தொண்டைவரை வரும். யாராவது முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டுவிட்டால் அங்கேயே நின்றுவிடும். கழுத்து இறுகிப் போகும். ஆமாம், இல்லை என்று தலையை ஆட்டக்கூட வராது. பார்ப்பவர்களுக்கு நான் அழுத்தக்காரி. உள்ளே நான் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் பள்ளிக்கூடத்தில்தான் இப்படி. வீட்டில் அம்மாவிடம் கிசுகிசுவென்று பேசிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நான் சொல்வதை அம்மா அப்படியே அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். பத்து நிமிஷத்தில் என் வார்த்தை அப்பாவின் குரலில் திரும்பி வரும். "டீச்சர் கையைப் பிடிச்சாங்களாமே, எந்தக் கை? எதுக்குப் பிடிச்சாங்க?" ஆயுத பூஜை சமயத்தில் அம்மாவிடமும் பேச்சு நின்றது.

வைத்தியத்துக்கு நம் ஊரில் பஞ்சமா? வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார்கள். பல்லாவரத்திலிருந்து தாயத்து வந்தது. பக்கத்து வீட்டு அக்கா என் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்த்து, "நாக்கு நல்லாத்தானே கீது" என்று தீர்ப்புச் சொன்னாள். அண்ணன் என்னைக் கிள்ளினால் கத்துவேனா என்று சோதித்தான். கத்தவில்லை. பேசாமடந்தை என்ற பெயர் தெரு முழுக்கப் பரவியது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தா. முன்ஜாக்கிரதை முத்தண்ணா என்பார்களே, அது அவரேதான். சித்திரை மாதத்திலும் குடை. சைக்கிளுக்கு இரண்டு பூட்டு. எலக்ட்ரிக் ரயில் நின்று, பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இறங்கின பிறகுதான் அவர் எழுந்திருப்பார். நாய் என்றால் மட்டும் முன்ஜாக்கிரதையெல்லாம் தாண்டிவிடும். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தால் எங்களை இழுத்துக்கொண்டு சுற்று வழியில் போவார். கால்சட்டைப் பையில் எப்போதும் இரண்டு கூழாங்கல் இருக்கும். நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள்.

அரையாண்டுப் பரீட்சைக்குள் நான் வாய் திறந்து ஒரு பாட்டாவது ஒப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு பள்ளிக்கூடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்ன டீச்சரே மனசு கேட்காமல், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலைப் பற்றியும் சொன்னார். அங்கே ஒரு அம்மா சனிக்கிழமை மதியங்களில் பயந்த பிள்ளைகளை விளையாட வைக்கிறாராம். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் மனைவி. அதற்கென்று படித்தவர். நாங்கள் அவரை விளையாட்டு மிஸ் என்போம். தாம்பரத்தில் சேலை கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டிய பெண் நான் பார்த்தவரை அவர் ஒருவர்தான்.

முதல் நாளே மிஸ் அப்பாவிடம் சொன்னார்: "இங்க ஒரே ஒரு சட்டம் சார். பிள்ளைங்கள எதுவும் கேக்கக் கூடாது. பேர் என்னன்னுகூட."

"கேக்காம எப்படி மிஸ் பேச வைப்பீங்க?"

"இது பேச வைக்கிற எடம் இல்ல சார். விளையாடற எடம்."

அப்பா திரும்பும்போது அம்மாவிடம், "அந்த அம்மாவுக்கே யாராவது வைத்தியம் பாக்கணும்" என்றார். ஆனாலும் சனிக்கிழமைதோறும் கொண்டுவந்து விட்டார். வேறு வழி இல்லை.

அந்த ஹாலின் வாசனை எனக்கு இன்னும் வரும். ஈர மணல், பினாயில், உருகின மெழுகுவத்தி, நாய். ஒரு மரப்பெட்டி நிறைய மணல். செப்புச் சாமான்கள். துணியில் தைத்த அப்பா அம்மா பொம்மைகள், அவற்றுக்குக் குளிக்க ஒரு வாளித் தண்ணீர். நடுவில் ஒரு பெரிய மேஜை, சர்ச் விருந்துகளுக்குச் சாப்பாடு வைக்கிறது. அதன் அடியில் சிவப்புத் தரை சில்லென்று இருக்கும். முதல் மூன்று வாரமும் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை வெளியே வா என்று கூப்பிடவில்லை. பிஸ்கட் தட்டை மட்டும் ஒரு கை உள்ளே தள்ளும்.

நாய்தான் ஜூலி. இந்தக் கதையில் அவளுக்கு மட்டும்தான் பெயர், ஏனென்றால் அந்த நாட்களில் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவள் ஒருத்தியைத்தான். பழுப்பு நிறம், ஒரு காது பாதி, முன்னங்கால் இரண்டிலும் வெள்ளை. நாட்டு நாய். பயிற்சியாவது ஒன்றாவது! வீட்டில் விட்டுவிட்டு வந்தால் ஊளையிட்டுத் தெருவையே கூட்டுகிறாள் என்று மிஸ் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு சனிக்கிழமை, சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் தானாக எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தானாம். அதிலிருந்து அவளுக்கு ஹாலில் ஒரு பாய் போட்டார்கள். அவள் பாயில் இருக்கும்போது யாரும் தொடக் கூடாது. "அவளுக்கும் அவ எடம் வேணும். அவளா வந்தா தொடலாம்" என்பார் மிஸ்.

அந்தப் பையன் எந்நேரமும் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருப்பான். மிஸ் அவனிடம் ஒரு தேங்காய்நார் பிரஷைக் கொடுத்தார். ஜூலியின் முதுகை வார ஆரம்பித்தான். வாரும்போது கை இரண்டும் வேலையாக இருப்பதால் காலர் வாயிலிருந்து விழுந்துவிடும். கொஞ்ச நாளில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வாரினான். மிஸ் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஜூலிக்கு ஒரு குறை உண்டு. விமானம் என்றால் நடுங்குவாள். தாம்பரத்தில் இருந்துகொண்டு விமானத்துக்குப் பயந்தால் பிழைக்க முடியுமா? விமானப்படையின் பயிற்சி விமானங்கள் ஓட்டு மேல் உரசுகிற மாதிரி போகும். அப்படி ஒன்று பறந்த ஒரு சனிக்கிழமையில் ஜூலி பாயை விட்டுப் பாய்ந்து மேஜைக்கு அடியில் வந்தாள். தலையை என் மடியில் புதைத்தாள். அவள் விலா எலும்பு படபடவென்று அடித்தது என் தொடையில் தெரிந்தது. என்னைவிடப் பயந்த ஒரு ஜீவனை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"போயிடும்" என்றேன். "போயிடும் ஜூலி, போயிடும்."

என் குரலை நானே கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கரகரவென்று, வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. யாராவது "ஐயோ, பேசிட்டா!" என்று கத்தியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஜூலி கத்தவில்லை, ஆச்சரியப்படவில்லை, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்கவில்லை. நடுக்கம் நின்றதும் என் முழங்காலை நக்கினாள். மிஸ் பக்கவாட்டில் உட்கார்ந்து பொம்மைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவர் கைகள் தண்ணீரில் அசையாமல் இருந்ததைப் பார்த்தேன். அவருக்குக் கேட்டுவிட்டது என்று அப்போதே தெரியும். அவர் திரும்பவே இல்லை. அதற்காக அவரை நான் இன்றைக்கும் கும்பிடுவேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மேஜைக்கு அடியில் எங்கள் ராஜ்யம். ஜூலியிடம் நான் சொல்லாதது இல்லை. வசம்பு கசந்தது, அண்ணன் கிள்ளியது, டீச்சர் பென்சிலால் முகவாயை நிமிர்த்தியது, எல்லாம். அடுத்த மாதம் பள்ளியில் ஒப்பிக்க வேண்டிய பாட்டை அவளுக்குத்தான் முதலில் ஒப்பித்தேன். பாதியில் கொட்டாவி விட்டாள்.

மழை பெய்த ஒரு சனிக்கிழமை, அண்ணனின் பழைய பச்சை முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஹாலைப் பார்க்க யாரோ ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். சட்டம் தெரியாதவர். நேராக என் முன்னால் குனிந்து, "வாட் இஸ் யுவர் நேம், பாப்பா?" என்றார். நான் மேஜைக்கு அடியில் பாய்ந்தேன். மேஜையின் அடிப்பலகையில் இரண்டு ஆணிகள் நுனியை நீட்டிக்கொண்டிருந்தன. அதுவரை அவை என் மேல் பட்டதில்லை. அன்று மணிக்கட்டுக்கு மேலே சட்டையோடு சேர்த்துக் கிழித்துவிட்டன, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு. ஜூலி ரத்தத்தை நக்கினாள். நான் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் அம்மா குளிக்க வைக்கும்போது பார்த்துவிட்டாள். அப்பா வந்தார்.

"நாய் கடிச்சுதா?"

அப்பாவின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்துத் தேய்த்துத் தேய்த்து சோப்புப் போட்டுக் கழுவினார்.  "சொல்லு. நாய் கடிச்சுதா, இல்லையா? சொல்லும்மா!" கேட்கக் கேட்க என் கழுத்து கல்லாகிக்கொண்டே போனது.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். காட்டினேன். அவர் அந்தண்டை போனதும் சிலேட்டை எடுத்து, "ஜூலி கடிக்கல. மேஜை ஆணி" என்று எழுதி அவர் நாற்காலியில் வைத்தேன். அப்பா வந்து படித்தார். ரொம்ப நேரம் படித்தார், ஐந்து வார்த்தைகூட இல்லாததை. பிறகு உள்ளங்கையால் அழித்துவிட்டார்.

"பொய். நாயைக் காப்பாத்தறதுக்கு எழுதறா."

"ஒருவேளை நெஜமா இருக்கப் போவுதுங்க. போய் அந்த மேஜையைப் பாத்தா..." என்றாள் அம்மா.

"இப்படித்தான் சொல்லுவாங்க. முள்ளும்பாங்க, ஆணிம்பாங்க. உனக்குத் தெரியாது." அவர் குரல் உடைந்தது. "வாயால சொல்லட்டும். என் மூஞ்சியப் பாத்து வாயால சொல்லட்டும், நம்பறேன்."

அவ்வளவுதான் விஷயம். ஜூலிக்கும் அவள் உயிருக்கும் நடுவில் என் வாய் இருந்தது.

நாய்க்கடி ஊசி உங்களுக்குத் தெரியும். கொப்பூழைச் சுற்றிப் பதினாலு. தினம் ஒன்று. அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். டாக்டர் நல்ல மனுஷர். "ஊசியை ஆரம்பிச்சிடுவோம். ஆனா அந்த நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்க. நல்லா இருந்துதுன்னா ஊசியை நிறுத்திடலாம். நாய் நமக்கு வேணும், விட்டுடாதீங்க" என்றார். மிஸ் அதைக் கேட்டு ஜூலியைத் தன் வீட்டுக் கொய்யா மரத்தில் கட்டிப்போட்டார். ஹாலுக்குப் பூட்டு. மிஸ்ஸிடம் அப்பா சிலேட்டில் இருந்ததைச் சொல்லவே இல்லை. பொய்யை எதற்குச் சொல்வது?

நான்கு ஊசி போட்டாயிற்று. வயிறு முழுக்கக் கட்டி கட்டியாக வீங்கி, குனிந்து செருப்பு மாட்ட முடியாது. அதைவிட மோசம், வீட்டில் ஒவ்வொருவராக வந்து என் முன்னால் உட்கார்ந்து கேட்டது. அம்மா கேட்டாள். அண்ணன் கேட்டான். பக்கத்து வீட்டு அக்கா, "சொல்லிட்டா மிட்டாய் வாங்கித் தரேன்" என்றாள். நாலு சுவரும் வாய் வைத்துக் கேட்ட மாதிரி இருந்தது. நான் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, "கடிக்கல, கடிக்கல" என்று பழகிப் பார்ப்பேன். உதடு அசையும். சத்தம் வராது.

நாலாம் நாள் மதியம் விமானங்கள் தாழப் பறந்தன. ஜூலி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். எங்கே ஓடுவாள்? ஜன்னல் வழியாக ஹாலுக்குள் நுழைந்து மேஜைக்கு அடியில் கிடந்திருக்கிறாள். கால் மணி நேரத்தில் மிஸ் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அப்பாவின் காதுக்கு வந்து சேர்ந்தது, நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வெறிபிடித்து ஓடியது என்பதுதான். அவர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நாய் பிடிக்கிறவர்களிடம் எழுதிக் கொடுத்தார்.

ஐந்தாவது ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது வண்டி மிஸ் வீட்டு வாசலில் நின்றது. பின்பக்கம் கம்பி வலை போட்ட வண்டி. அப்பா சைக்கிளை நிறுத்தினார். ஜூலியைச் சுருக்குக் கயிற்றில் பிடித்து வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டினாள்.

"இன்னும் அஞ்சே நாள் சார். டாக்டரே பாக்கச் சொல்லியிருக்காரு" என்றார் மிஸ்.

"அந்த அஞ்சு நாள்ல வேற ஒரு கொழந்தையக் கடிச்சா யாரு மிஸ் பதில் சொல்றது?"

"இன்னா சார், இட்டுகினு போறதா வாணாமா?" என்றான் வண்டிக்காரன். "இன்னும் நாலு எடம் கீது எங்களுக்கு."

அப்போது மிஸ் என் பக்கம் வந்தார். ஈர மண்ணில் மண்டியிட்டு, என் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, என் இரண்டு தோளையும் பிடித்தார். அவர் கேட்க மாட்டார் என்று நினைத்தேன். உலகத்தில் அவர் ஒருவராவது கேட்க மாட்டார் என்று.

"ஜூலி உன்னக் கடிச்சாளா கண்ணு? ஒரே ஒரு வார்த்த. சொல்லிடும்மா."

 அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, அதில் நான் தெரிந்தேன், வாயை மூடிக்கொண்டு.  மிஸ் எழுந்து சேலையில் ஒட்டின மண்ணைக்கூடத் தட்டாமல் உள்ளே போய்விட்டார். வண்டியின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வண்டி போய் ரயில்வே கேட்டில் நின்றது, பின்னாலேயே எங்கள் சைக்கிளும். கேட் மூடியிருந்தது. தாம்பரத்துக் கேட்டைத் திட்டாதவர்கள் உண்டா? அன்று நான் அதை வாழ்த்தினேன். சைக்கிள் பாரிலிருந்து குதித்து ஓடினேன். வயிற்றுக் கட்டிகள் ஒவ்வொன்றும் குத்தின. கூடுவாஞ்சேரிப் பக்கமிருந்து கரி எஞ்சின் ஒன்று ஊதிக்கொண்டே வந்தது. வலைக்குப் பின்னால் ஜூலி மூலையில் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரயிலும் விமானமும் ஒன்றுதான்.

கம்பிக்குள் விரலை விட்டேன். "போயிடும் ஜூலி, ரயிலுதான், போயிடும்" என்றேன். சத்தமாகவே வந்தது. அவள் மூக்கு என் விரலில் பட்டது. "நீ கடிக்கல. ஆணிதான் கிழிச்சுது, மேஜை ஆணி. நான் அப்பாகிட்ட சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன்."

திரும்பினேன். அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். சைக்கிள் ரோட்டில் விழுந்து கிடந்தது. ரயில் பெட்டி பெட்டியாகக் கடகடத்துப் போய்க்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னபடியே, மூஞ்சியைப் பார்த்து. வாயைத் திறந்தேன். வார்த்தை தொண்டையைத் தாண்டிவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கில் இருந்தது.

"பேசிட்டா!" என்று அப்பா என்னை அள்ளித் தூக்கினார். "என் பொண்ணு பேசிட்டா! நீங்க பாத்தீங்களா? பேசிட்டா சார்!" கேட் கீப்பரிடம் சொன்னார், பால்காரரிடம் சொன்னார், நின்றிருந்த லாரிக்காரரிடம் சொன்னார். அழுதுகொண்டே என் முகத்தை நெஞ்சோடு வைத்து அழுத்தினார். "கடிக்கலப்பா" என்றேன். அது அவர் சட்டைக்குள் போயிற்று. வியர்வையும் சலவைச் சோடாவுமாக ஒரு வாசனை, இருட்டு. நான் என்ன பேசினேன் என்று யாருமே கேட்கவில்லை. வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் யாராவது என்னைக் கேள்வி கேட்க மாட்டார்களா என்று ஏங்கினேன்.

அப்பா என்னை இறக்கிவிட்டபோது கேட் திறந்திருந்தது. வண்டி தண்டவாளங்களின் மேல் குலுங்கி ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

வீடு வந்து சேரும்வரை 'கடிக்கல' மறுபடி வாயில் வரவில்லை, தண்ணி என்றுதான் வந்தது. அப்பாவே சொம்பில் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தெரு முழுக்கக் கல்கண்டு கொடுத்தார்.

சாயங்காலம் மிஸ் சமையலறைப் பக்கத்துக் கதவுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். பிடித்த நாய்களைக் கொண்டுபோகும் இடத்துக்கு, பட்டணம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கையில் ஜூலியின் கழுத்துத் தோல் பட்டை மட்டும் இருந்தது. இன்னொரு கையில், கைக்குட்டையில் சுற்றிய ஓர் ஆணி. ஜூலி ஒளிந்திருந்த இடத்தைப் போய்ப் பார்க்கத் தோன்றியிருக்கிறது, எல்லாம் முடிந்த பிறகு. துருவேறின ஆணி, தலை ஒரு பக்கமாக மடங்கியது. நுனியில் அண்ணனின் பச்சைச் சட்டை நூல்.

அம்மா அதைக் கையில் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "அவர்கிட்ட சொல்லாதீங்க மிஸ். தாங்க மாட்டாரு. இன்னிக்குத்தான் சிரிக்கிறாரு."

"ஆனா ஊசி..."

"ஊசிதானே. போட்டா கெடுதல் ஒண்ணும் இல்லியே."

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர், "நாய் எப்படி இருக்கு?" என்று கேட்டார். பிடித்துக் கொடுத்துவிட்டதாக அப்பா சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பாக்கறதுக்கு நாயே இல்லன்னா நான் எப்படி நிறுத்தறது? பதினாலையும் போட்டுத்தான் ஆகணும்." ஜூலி இருந்திருந்தால் பத்தோடு போயிருக்கும். பதினாலும் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல இப்போது எனக்கு வாய் இருந்தது. ஆனால் சொன்னால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அம்மா என் தலையை மடியில் வைத்துத் தவிட்டு ஒத்தடம் கொடுப்பாள். என் கண்ணைப் பார்க்க மாட்டாள்.

அரையாண்டில் பாட்டை ஒப்பித்தேன். ஒரு பிழை இல்லை. ஊசிதான் வாயைத் திறந்தது என்று அப்பா கடைசிவரை நம்பினார். பேசாத பிள்ளைகள் யாரைப் பார்த்தாலும் சிபாரிசு செய்வார். ஹால் மறுபடி திறக்கவில்லை. மிஸ்ஸும் பேராசிரியரும் அந்தக் கோடையில் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். காலர் கடிக்கும் பையனைப் பல வருஷம் கழித்துத் தாம்பரம் பிளாட்பாரத்தில் பார்த்தேன். மீசை வைத்திருந்தான். காலர் வாயில் இருந்தது. நான் தூண் மறைவில் நின்றுகொண்டேன்.

ஆணியை அம்மா திருகாணி, கொக்கி எல்லாம் போட்டு வைக்கும் டப்பாவில் போட்டிருந்தாள். ஜனவரி ஒன்றாம் தேதி அப்பா புது தினசரி காலண்டர் மாட்ட டப்பாவைக் கவிழ்த்தார். எத்தனையோ ஆணி இருந்தது. அவர் எடுத்தது தலை மடங்கிய அதைத்தான். கூடத்துச் சுவரில் அடித்தார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அன்று முதல் தினம் காலையில் அப்பா அந்த ஆணியின் கீழே நின்று ஒரு தாளைக் கிழிப்பார். நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருப்போம், நாற்பது வருஷத்துக்கு மேல்.

அப்பா ரிட்டயர் ஆகிப் பல வருஷம் கழித்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வந்து தங்கியிருந்தாள். ஒரு மதியம் புளி உரித்துக்கொண்டே போகிற போக்கில் சொன்னாள்.

"எங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்தாளே, தெரியாதா உனக்கு? ஆறு வயசு. நாய் கடிச்சத உங்கப்பன்கிட்ட மட்டும் சொல்லியிருக்கா. அந்த நாய அடிச்சிடப் போறாங்கன்னு பயம் அவளுக்கு. அவ வளத்த நாயி. வூட்ல கேட்டதுக்கு முள்ளு கிழிச்சிடுச்சுன்னா. இவனும் ஆமா, முள்ளுதான், நான் பாத்தேன்னு சாட்சி சொன்னான். ஒரு மாசம் போயி தண்ணியப் பாத்தாலே உதறல். ஒரு வாய் எறங்கல. இவன்தான் டம்ளரை வச்சிக்கினு பக்கத்துலயே நின்னான். பதினோரு வயசு."

சிலேட்டை அவர் ஏன் அவ்வளவு நேரம் படித்தார் என்று அன்றுதான் தெரிந்தது. ஐம்பது வயதை நெருங்கும் நான் புளிக்கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு அழுதேன். அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று.

கடைசியில் அப்பா கூடத்தில்தான் படுத்த படுக்கையாகக் கிடந்தார். காலண்டர் தாளை இப்போது நான் கிழிப்பேன். ஒருநாள் கிழித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"அன்னிக்கு ரயில்வே கேட் பக்கத்துல, அந்த நாய்கிட்ட என்னம்மா சொன்ன? ரயில் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. உன் வாய் அசையறது மட்டும்தான் தெரிஞ்சுது."

எத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி! பதில் அப்படியே தயாராக இருந்தது, அவருக்கு நேர் எதிரே, சுவரில். தொண்டை இறுகவில்லை. கழுத்து தாராளமாகத் திரும்பியது. சொல்ல ஒரு நொடி போதும். அவர் கண்களைப் பார்த்தேன். டம்ளரை வைத்துக்கொண்டு நின்ற பதினோரு வயதுப் பையனைப் பார்த்தேன்.

"பயப்படாதே, ரயில் போயிடும்னு சொன்னேம்பா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்பா."

"நல்ல கொரல் உனக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார். மீதியை உங்களிடம்தான் இப்போது சொல்கிறேன்.

நோட்டீஸில் போட்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கிளப் ஹவுசுக்குப் போனேன். எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். வெள்ளை நாய் அதன் பாயில் படுத்திருந்தது. பாய் போட்டிருக்கிறார்கள், பரவாயில்லை. பிள்ளைகள் இன்னும் வரவில்லை. அங்கே மூன்று மேஜைகள் இருந்தன. மூட்டு வலிக்கிற முழங்காலைத் தரையில் ஊன்றி, ஒவ்வொரு மேஜைக்கும் அடியில் குனிந்து, பலகையின் அடிப்பக்கம் முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்.

நாயைக் கூட்டி வந்த பெண் ஓடி வந்து, "ஆன்ட்டி, என்ன தேடறீங்க?" என்றாள்.

"ஆணி ஏதாவது இருக்கான்னு பாக்கறேன்" என்றேன்.